ஒரு கோப்புறைக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன், சர்வர் நின்றுவிட்டது: கோளாறைக் கண்டறிந்து சரிசெய்யும் வழிகள்

சர்வரில் எந்த மென்பொருளையும் புதுப்பிக்கவில்லை, அமைவுக் கோப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை, ஆனாலும் நேற்று வரை ஓடிய தளம் இன்று திறக்கவில்லை. என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "ஒன்றும் செய்யவில்லை, ஒரு கோப்புறைக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன்" என்று பதில் வரும். விசாரணையை அந்த "மட்டும்" என்ற சொல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தக் கட்டுரை லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கானது. விண்டோஸ் பற்றிப் பின்னால் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். கட்டளைகளையும் பாதைகளையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கம்போல ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும். பேரெழுத்து தேவைப்படும் இடங்களில் "பெரிய" என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அனுமதி குறைந்தால்தான் மென்பொருள் நிற்கும் என்பது பாதி உண்மையே. அனுமதி கூடினாலும் நின்றுவிடும் மென்பொருள்கள் பல உண்டு. தன் சாவியையோ தரவையோ எவரும் தொட முடிகிற நிலையில் இருப்பதைக் கண்டால், அவை வேண்டுமென்றே வேலை செய்ய மறுக்கும். இதை அறியாதவர்கள் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் இன்னும் கொஞ்சம் திறந்துவிடுகிறார்கள், கோளாறும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் வளர்கிறது.

முதலில், இப்போதைய நிலையைப் பதிந்து வையுங்கள்

இணையத்தில் தேடினால் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்துப் பாருங்கள் என்ற அறிவுரை முதல் பக்கத்திலேயே கிடைக்கும். அதைச் செய்யாதீர்கள். பாதுகாப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம், 777 கொடுத்த மறுகணம் பழைய எண்கள் அழிந்துவிடும், அவற்றோடு துப்பும் போய்விடும். எதையும் மாற்றுவதற்கு முன், அனுமதிகளைப் பட்டியலிடும் கெட்எஃப்ஏசிஎல் கட்டளையைப் பெரிய ஆர் சேர்த்து அந்தக் கோப்புறையின் மீது ஓட்டி, வெளியீட்டை வேறோர் இடத்தில் ஒரு கோப்பாகச் சேமியுங்கள். பின்னர் உங்கள் திருத்தமே நிலைமையை மோசமாக்கிவிட்டால், செட்எஃப்ஏசிஎல் கட்டளையோடு இரட்டை ஹைபனும் ரீஸ்டோர் என்ற சொல்லும் சேர்த்து அந்தக் கோப்பைக் கொடுத்தால், உரிமையாளர் முதல் அனுமதி வரை எல்லாம் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும்.

அடுத்து, எது எப்போது மாறியது என்று பாருங்கள். இதற்கு ஸ்டாட் கட்டளை போதும். அது ஒவ்வொரு கோப்புக்கும் காட்டும் நேரங்களில் மாடிஃபை, சேஞ்ச் என்ற இரண்டைப் பாருங்கள். உள்ளடக்கம் மாறினால் இரண்டும் மாறும். அனுமதியோ உரிமையாளரோ மாறினால் சேஞ்ச் மட்டும் மாறும். ஆகவே, மாடிஃபை நேரம் சென்ற ஆண்டையும் சேஞ்ச் நேரம் இன்று காலை 10.40 மணியையும் காட்டினால், 10.40 மணிக்கு யாரோ அந்தக் கோப்பின் அனுமதியையோ உரிமையையோ தொட்டிருக்கிறார்கள் என்று ஏறத்தாழ உறுதியாகக் கொள்ளலாம். பெயர் மாற்றினாலும் சேஞ்ச் நேரம் மாறக்கூடும் என்பதால்தான் "ஏறத்தாழ" என்கிறேன். ஃபைண்ட் கட்டளையில் சிடைம் என்ற தேர்வுக்கு மைனஸ் 1 என்று கொடுத்தால், கடந்த 24 மணி நேரத்தில் இப்படித் தொடப்பட்ட அனைத்தும் வரிசையாக வந்துவிடும். சூடோ (நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டும் கருவி) வழியாக ஓட்டிய கட்டளைகள் பொதுவாக டெபியன், உபுண்டு வகைகளில் ஆத் லாக் கோப்பிலும், ரெட் ஹேட் வகைகளில் செக்யூர் என்ற லாக் கோப்பிலும் நேரத்தோடு பதிவாகியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் "ஒன்றும் செய்யவில்லை" என்பது என்ன என்று தெரிந்துவிடும். பல நேரங்களில் அது ஆளின் வேலையாக இருக்காது, இரவில் ஓடிய, புது நிரலைச் சர்வரில் ஏற்றும் ஒரு டிப்ளாய் ஸ்கிரிப்டின் வேலையாக இருக்கும்.

பத்து எழுத்துகளைப் படிக்கப் பழகுங்கள்

எல்எஸ் கட்டளையை எல்டி சேர்த்து ஒரு கோப்புறையின் மீது ஓட்டினால் வரியின் தொடக்கத்தில் பத்து எழுத்துகள் வரும். முதல் எழுத்து டி என்றால் கோப்புறை, ஹைபன் என்றால் சாதாரணக் கோப்பு. மீதி ஒன்பதும் மும்மூன்றாகப் பிரியும்: உரிமையாளருக்கு மூன்று, குழுவுக்கு மூன்று, மற்றவர்களுக்கு மூன்று. ஆர் என்பது படித்தல், அதன் மதிப்பு 4. டபிள்யூ என்பது எழுதுதல், மதிப்பு 2. எக்ஸ் என்பது இயக்குதல், மதிப்பு 1. 7, 5, 5 என்றால் உரிமையாளருக்கு மூன்றும் உண்டு, குழுவுக்கும் மற்றவர்களுக்கும் எழுதுதல் கிடையாது.

இதுவரை எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. புதியவர்கள் தடுக்கி விழுவது, அதே மூன்று எழுத்துகள் கோப்புறைக்கு வரும்போது வேறு பொருள் தருவதில்தான். கோப்புறையில் ஆர் என்பது உள்ளே இருக்கும் பெயர்களின் பட்டியலைப் பார்க்கும் உரிமை மட்டுமே. டபிள்யூ என்பது உள்ளே புதிதாக ஒன்றை உருவாக்கவும், இருப்பதை அழிக்கவும், பெயர் மாற்றவும் உள்ள உரிமை. ஆனால் அதைப் பயன்படுத்த எக்ஸும் சேர்ந்திருக்க வேண்டும். எக்ஸ் என்பது அந்தக் கோப்புறையைக் கடந்து உள்ளே செல்லும் உரிமை. எனவே ஒரு கோப்பை அழிக்க முடியுமா என்பதைக் கோப்பின் அனுமதி தீர்மானிப்பதில்லை, அது இருக்கும் கோப்புறையின் அனுமதியே தீர்மானிக்கிறது. அதேபோல, ஒரு கோப்புக்கு 644 என்று தாராளமாகக் கொடுத்திருந்தாலும், அதற்கு மேலே உள்ள ஏதோ ஒரு கோப்புறையில் எக்ஸ் இல்லாவிட்டால் அந்தக் கோப்பை அடையவே முடியாது.

இன்னொரு நுணுக்கம்: கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மூன்று பிரிவுகளையும் கூட்டிப் பார்ப்பதில்லை. கேட்பவர் உரிமையாளரா என்று முதலில் பார்க்கும்; ஆம் என்றால் உரிமையாளரின் மூன்று எழுத்துகளோடு விவாதம் முடிந்தது. இல்லை என்றால் குழு. அதுவும் இல்லை என்றால்தான் மற்றவர்கள். ஆகவே குழுவுக்கு ஒன்றும் தராமல் மற்றவர்களுக்கு 5 தந்திருந்தால், குழுவில் இருப்பவருக்கு வாசல் அடைபட்டிருக்கும், முன்பின் தெரியாதவருக்குத் திறந்திருக்கும்.

யார் கேட்டார், எங்கே மறுக்கப்பட்டார்

இனி லாக் கோப்பைத் திறக்கலாம். சேவையின் பெயர் தெரிந்தால் ஜர்னல்சிடிஎல் கட்டளையோடு யூ சேர்த்து அந்தப் பெயரைக் கொடுங்கள். என்ஜின்எக்ஸ், அப்பாச்சி போன்ற வெப் சர்வர் மென்பொருள்களுக்கு வார் கோப்புறையில் உள்ள லாக் கோப்புறைக்குள் தனி எரர் லாக் இருக்கும். பிழைச் செய்தியில் சொற்களைவிட எண்ணைக் கவனியுங்கள். 13 என்றால் "பெர்மிஷன் டினைடு", அதாவது அணுகல் மறுப்பு. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான். 1 என்றால் "ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்". கேட்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் இது வேறு, உரிமையாளர் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றை மற்றவர் செய்ய முயன்றிருக்கலாம், அல்லது கோப்பு மாற்ற முடியாதபடி பூட்டப்பட்டிருக்கலாம். 30 என்றால் கோப்பு முறைமையே படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கிறது. அங்கே சிஎச்மாட் (அனுமதியை மாற்றும் கட்டளை) செய்து பயனில்லை. 2 என்றால் கோப்பே இல்லை. இந்த ஒற்றை எண்ணைப் பார்க்காமல் அரை நாளை வீணாக்கியவர்கள் பலர், நானும் அவர்களில் ஒருவன்.

பிறகு, கேட்டது யார் என்று அறிய வேண்டும். நீங்கள் ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக் கணக்கு) இருந்து கோப்பைத் திறந்து பார்த்து "எனக்கு வருகிறதே" என்பது எதையும் நிரூபிக்காது, ஏனெனில் ரூட்டுக்கு இந்த எழுத்துகள் ஏறக்குறைய பொருட்டே இல்லை. பிஎஸ் கட்டளையை ஏயூஎக்ஸ் சேர்த்து ஓட்டினால் முதல் நெடுவரிசையில் ஒவ்வொரு செயல்முறையும் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறது என்று தெரியும். டெபியன் வகைகளில் வெப் சர்வரின் பயனர் பொதுவாக டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. ரெட் ஹேட் வகைகளில் அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ். முதன்மைச் செயல்முறை ரூட்டாகவே இருக்கும், வேலையைச் செய்யும் கிளைச் செயல்முறைகள்தான் அந்தப் பயனரின் பெயரில் ஓடும், கிளைகளைப் பாருங்கள்.

பெயர் கிடைத்ததும் அந்தப் பயனராகவே மாறிச் சோதியுங்கள். சூடோவோடு யூ சேர்த்து, பயனர் பெயரை எழுதி, அதன் பின் கேட் கட்டளையையும் கோப்பின் முழுப் பாதையையும் கொடுத்தால், சேவை காணும் அதே மறுப்பை நீங்களும் காண்பீர்கள். அதைக் கண்ட பிறகுதான் திருத்தத்தில் கை வைக்க வேண்டும்.

பாதையைப் படிப்படியாக நடந்து பாருங்கள்

மறுப்பு எந்தப் படியில் என்பதைக் கண்டுபிடிக்க நேம்ஐ என்ற சிறு கட்டளை இருக்கிறது. பலருக்கும் தெரியாத, ஆனால் நான் அதிகம் நன்றி சொல்லும் கட்டளை இதுதான். அதை எல் சேர்த்து ஒரு முழுப் பாதையின் மீது ஓட்டினால், வேர்க் கோப்புறை முதல் கடைசிக் கோப்பு வரை ஒவ்வொரு படியின் அனுமதியையும் உரிமையாளரையும் குழுவையும் ஒரு வரிக்கு ஒன்றாகக் காட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. எஸ்ஆர்வி கோப்புறைக்குள் சைட், அதற்குள் இமேஜஸ், அதற்குள் லோகோ என்ற படம். உலாவியில் 403 (அணுகல் மறுப்பு) வருகிறது. படத்தின் அனுமதி 644, இமேஜஸ் கோப்புறை 755, இரண்டும் சரியாகவே இருக்கின்றன. நேம்ஐ காட்டும் வரிகளை மேலிருந்து படித்தால், வேர் 755 ரூட், எஸ்ஆர்வி 755 ரூட், அடுத்து சைட் 750, உரிமையாளர் டிப்ளாய், குழுவும் டிப்ளாய். வெப் சர்வர் டிப்ளாய் என்ற பயனரும் அல்ல, அந்தக் குழுவிலும் இல்லை; எனவே அது "மற்றவர்கள்", அவர்களுக்குரிய எண்ணோ 0. கீழே இரண்டு படிகள் திறந்தே இருந்தும் மூன்றாம் படியிலேயே அது தடுக்கப்பட்டிருக்கிறது. அப்பாச்சியாக இருந்தால், பாதையின் ஏதோ ஒரு பகுதியில் தேடும் அனுமதி இல்லை என்று எரர் லாக்கே சொல்லிவிடும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. சைட் கோப்புறையை 751 ஆக்கினால் மற்றவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலைப் பார்க்க முடியாது, ஆனால் பெயர் தெரிந்த கோப்புக்குக் கடந்து செல்லலாம். அல்லது 750 அப்படியே இருக்கட்டும், சைட் கோப்புறையின் குழுவை வெப் சர்வரின் குழுவாக மாற்றலாம். ஒரே சர்வரில் பல பயனர்கள் இருந்தால் இரண்டாவதையே நான் தேர்ந்தெடுப்பேன். குழுவை மாற்றாமல் வெப் சர்வரின் பயனரை டிப்ளாய் குழுவில் சேர்ப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் சேவையை மறுதொடக்கம் செய்தே ஆக வேண்டும், ஏனெனில் ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறை தான் தொடங்கியபோது இருந்த குழுக்களையே வைத்திருக்கும்.

இதே காட்சி வீட்டுக் கோப்புறைகளில் அடிக்கடி வரும். உபுண்டு 21.04 பதிப்பிலிருந்து புதிதாக உருவாகும் பயனரின் ஹோம் கோப்புறை 755 அல்ல, 750. பழைய சர்வரில் ஹோமுக்குள் வைத்து ஓட்டிய தளத்தை அப்படியே புதிய சர்வருக்குக் கொண்டுவந்தவர்கள் 403 கண்டு திகைப்பது இதனால்தான். தளத்தை ஹோமுக்கு வெளியே வைப்பதே நல்லது.

திறந்துவிட்டதால் நிற்பவை

இனி மறுபக்கம். முதலில் எஸ்எஸ்எச், அதாவது தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி. ஒருவர் தம் ஹோம் கோப்புறைக்கு 777 கொடுத்துவிட்டு வெளியேறுகிறார். மறுபடி உள்ளே வர முயன்றால் சாவி ஏற்கப்படவில்லை. ஓபன்எஸ்எஸ்எச் சர்வரில் ஸ்ட்ரிக்ட்மோட்ஸ் என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். ஹோம் கோப்புறையிலோ, அதற்குள் புள்ளியோடு தொடங்கும் எஸ்எஸ்எச் கோப்புறையிலோ, அதில் உள்ள ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பிலோ குழுவுக்கோ மற்றவர்களுக்கோ எழுதும் உரிமை இருந்தால், அந்தச் சாவியை அது நம்பாது. வேறு யாரேனும் தம் சாவியை அதற்குள் சேர்த்திருக்கலாம் அல்லவா? வெளியே நிற்பவருக்குத் தெரிவதோ "பெர்மிஷன் டினைடு" மட்டும்தான். அனுமதி அதிகமானதால் வந்த மறுப்பு என்று அந்தச் சொற்களில் எங்கும் இராது. "பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்" என்ற உண்மைக் காரணம் சர்வரின் லாக்கில்தான் இருக்கும். ஹோம் 755 அல்லது 750, எஸ்எஸ்எச் கோப்புறை 700, சாவிக் கோப்பு 600 என்று வையுங்கள். உங்கள் கணினியில் உள்ள தனிச் சாவிக்கும் 600 வேண்டும். 644 இருந்தால் எஸ்எஸ்எச் கட்டளையே அதைப் பயன்படுத்த மறுக்கும். இந்த வகைத் திருத்தங்களைச் செய்யும்போது, ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இரண்டாவது சாளரத்தில் உள்நுழைந்து பார்த்த பிறகே முதல் சாளரத்தை மூடுங்கள்.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இன்னும் கண்டிப்பானது. அதன் தரவுக் கோப்புறை 700 ஆக இருக்க வேண்டும். 11ஆம் பதிப்பிலிருந்து 750 என்பதையும் ஏற்கிறது. 755 கண்டால்கூடத் தொடங்காது, ஏற்கத்தக்க இரண்டு எண்களையும் லாக்கில் எழுதிவிட்டு நின்றுவிடும். காப்பு நகலெடுக்கும் ஸ்கிரிப்ட் படிக்க வேண்டும் என்பதற்காகத் தரவுக் கோப்புறையை 755 ஆக்குகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளம் அதைக் கண்டுகொள்ளாது. பல வாரங்கள் கழித்து வழக்கமான மறுதொடக்கம் ஒன்றின்போது தொடங்க மறுக்கும்; அன்று யாருக்கும் அந்த 755 நினைவில் இராது. ஸ்டாட் காட்டும் சேஞ்ச் நேரத்தின் அருமை அன்றுதான் தெரியும்.

இன்னொரு தரவுத்தளமான மைஎஸ்கியூஎல் நடந்துகொள்ளும் விதம் வேறு. அதன் அமைவுக் கோப்பு எவரும் எழுதக்கூடியதாக இருந்தால், எச்சரிக்கை ஒன்றை எழுதிவிட்டு அந்தக் கோப்பையே புறக்கணித்துவிடும். சேவை ஓடும், ஆனால் நீங்கள் எழுதிய எந்த அமைப்பும் நடப்பில் இராது. தரவுக் கோப்புறையின் இடத்தை அந்தக் கோப்பில் மாற்றி எழுதியிருந்தவர்கள் தரவுத்தளங்கள் காணாமல் போய்விட்டன என்று அலறுவதுண்டு. தரவு இருந்த இடத்திலேயே இருக்கும், சர்வர்தான் வேறு இடத்தில் தேடிக்கொண்டிருக்கும். அமைவுக் கோப்பை 644 ஆக்கி மறுதொடக்கம் செய்தால் போதும்.

குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானும், பழைய லாக்கை ஒதுக்கிவைத்துப் புதியதைத் தொடங்கும் லாக்ரொட்டேட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. கிரான் தன் கிரான்-டி கோப்புறையில் ரூட் அல்லாத பிறர் எழுதக்கூடிய கோப்பை ஓட்டாது. லாக்ரொட்டேட் தாய்க் கோப்புறை எவரும் எழுதக்கூடியதாக இருந்தால் அந்த லாக்கைச் சுழற்றாமல் விட்டுவிடும். இவை சத்தமில்லாமல் நிற்பவை. வட்டு நிரம்பிய பிறகே பலர் கவனிக்கிறார்கள்.

டெம்ப் கோப்புறை மட்டும் விதிவிலக்கு. அதன் எண் 1777. எல்லோரும் எழுதலாம், ஆனால் முன்னால் உள்ள 1 என்ற ஸ்டிக்கி பிட்டினால் ஒருவர் கோப்பை மற்றவர் அழிக்க முடியாது. பாதுகாப்பு என்று நினைத்து அதை 755 ஆக்கிவிட்டால், தற்காலிகக் கோப்பு எழுத வேண்டிய எல்லாச் சேவைகளும் ஒன்றன்பின் ஒன்றாக விழும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து மென்பொருள்கள் ஒரே நேரத்தில் நின்றால், நான் முதலில் டெம்பின் அனுமதியையே பார்ப்பேன்.

முழுச் சர்வருக்கும் 777 போய்விட்டால்

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேர்க் குறியான சாய்கோட்டுக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே தெரியாமல் ஓர் இடைவெளியைத் தட்டிவிட்டு, பெரிய ஆர் சேர்த்த சிஎச்மாட் கட்டளையை ரூட்டாக ஓட்டியிருக்கிறேன். அந்த ஓர் இடைவெளியால் கட்டளை ஒரு பாதையை இரண்டாகப் படித்தது. முதல் பாதை முழுக் கணினியும். வேரை அழிக்க முயன்றால் ஆர்எம் கட்டளை தயங்கும், சிஎச்மாட் இயல்பாகத் தயங்காது. நான்கு வினாடியில் நிறுத்திவிட்டேன், அதற்குள் சூடோ தன் செட்யூஐடி பிட்டை (யார் ஓட்டினாலும் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடவைக்கும் குறி) இழந்திருந்தது. உரிமையாளர் ரூட்டாக இருந்து அந்தப் பிட்டும் இருந்தால்தான் தன்னால் ஓட முடியும் என்று சொல்லிவிட்டு சூடோ நின்றுவிடும். அது நின்றால் சரிசெய்யும் அதிகாரமும் போய்விடுகிறது. ரூட்டாகத் திறந்திருந்த அந்தச் சாளரம் மட்டும் மூடப்படாமல் இருந்தது என் நல்லகாலம்.

அப்படி ஒரு சாளரம் இல்லையென்றால், சர்வர் வழங்குநரின் கன்சோல் வழியாகவோ மீட்பு முறையிலோ உள்ளே போக வேண்டும். ரெட் ஹேட் வகைகளில் ஆர்பிஎம் கட்டளைக்கு, பேக்கேஜில் பதிந்துள்ள உரிமையாளர்களைத் திருப்பும் செட்யூஜிஐடிஎஸ் என்ற தேர்வும், அனுமதிகளைத் திருப்பும் செட்பெர்ம்ஸ் என்ற தேர்வும் உண்டு. உரிமையாளரை முதலிலும் அனுமதியை அடுத்தும் திருப்புங்கள். உரிமையாளரை மாற்றும்போது செட்யூஐடி பிட் நீங்கிவிடும் என்பதால் வரிசை முக்கியம். டெபியன் வகைகளில் இதற்கு நேரான கட்டளை இல்லை. அதே பதிப்புள்ள நல்ல சர்வர் ஒன்றிலிருந்து கெட்எஃப்ஏசிஎல் பட்டியல் எடுத்துவந்து இங்கே திருப்பலாம், அல்லது பேக்கேஜ்களை மறுநிறுவல் செய்யலாம். இவை சர்வரை எழுப்பி உட்காரவைக்கும் அளவுக்கு உதவும். தரவை வெளியே எடுத்துக்கொண்டு புதிய சர்வர் அமைப்பதுதான் முழுத் தீர்வு. தவறிய அனுமதி இன்னும் எங்கே இருக்கிறது என்று பிறகு எவராலும் உறுதி கூற முடியாது.

எண்கள் எல்லாம் சரி, ஆனாலும் மறுப்பு

எல்எஸ் வெளியீட்டில் பத்து எழுத்துகளுக்குப் பின் ஒரு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கோப்புக்கு ஏசிஎல் எனப்படும் கூடுதல் அனுமதிப் பட்டியல் உண்டு. கெட்எஃப்ஏசிஎல் அதைக் காட்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: ஏசிஎல் உள்ள கோப்பில் சிஎச்மாட் மூலம் குழுவின் எண்ணை மாற்றினால், உண்மையில் மாறுவது மாஸ்க் என்ற உச்சவரம்பு. 700 என்று கொடுத்தவுடன், பெயர் சொல்லி அனுமதி தரப்பட்ட எல்லாப் பயனர்களின் உரிமையும் சேர்ந்து முடங்கிவிடும்.

ரெட் ஹேட், ஃபெடோரா வகைகளில் எஸ்ஈலினக்ஸ் இருக்கும்; அது ஒவ்வொரு கோப்புக்கும் ஒட்டிய லேபிளைப் பார்த்து அனுமதிக்கும் கூடுதல் காவல். எம்வி கட்டளையால் நகர்த்திய கோப்பு தன் பழைய இடத்தின் லேபிளையே சுமந்துவரும். சிபி கட்டளையால் நகலெடுத்தது புது இடத்தின் லேபிளைப் பெறும். ஹோமிலிருந்து வெப் கோப்புறைக்கு நகர்த்திய கோப்பு, 644 இருந்தும் திறக்காததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எல்எஸ் கட்டளையைப் பெரிய இசட் சேர்த்து ஓட்டினால் லேபிள் தெரியும். ரீஸ்டோர்கான் கட்டளை அதைச் சரிசெய்யும். எஸ்ஈலினக்ஸையே நிரந்தரமாக அணைத்துவிடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். உபுண்டுவில் ஆப்ஆர்மர் இதே வேலையைச் செய்கிறது. தரவுக் கோப்புறையை வேறு வட்டுக்கு மாற்றிய மைஎஸ்கியூஎல் தொடங்காவிட்டால், அனுமதிகளைப் பார்த்த கையோடு ஆப்ஆர்மர் விதியையும் பாருங்கள்.

சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கோப்பில் புரொடெக்ட்ஹோம், புரொடெக்ட்சிஸ்டம் போன்ற வரிகள் இருந்தால், அந்தச் சேவைக்கு மட்டும் சில கோப்புறைகள் காணாமலோ படிக்க மட்டுமோ இருக்கும். சூடோவால் அதே பயனராகச் சோதித்தால் வெற்றி, சேவையாக ஓடினால் தோல்வி என்ற முரண் இங்கேதான் எழும். ரூட்டாலேயே மாற்ற முடியாத கோப்பு என்றால் எல்எஸ்ஆட்டர் கட்டளையால் ஐ என்ற பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். சேவைகளைக் கன்டெய்னர் என்ற தனி அறைகளில் ஓட்டும் டாக்கரில், வெளியிலிருந்து இணைத்த கோப்புறைக்குப் பெயர்கள் பொருளற்றவை, எண்கள் மட்டுமே பேசும். கன்டெய்னருக்குள் சேவை ஓடும் பயனரின் எண் எதுவோ, வெளியே உள்ள கோப்புறையின் உரிமையாளர் எண்ணும் அதுவாக இருக்க வேண்டும்.

திருத்தும்போது

கோப்புறைக்கும் கோப்புக்கும் ஒரே எண்ணைக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் 644 என்றால் கோப்புறைகள் எக்ஸை இழந்து மூடிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் 755 என்றால் படங்கள்கூட இயக்கத்தக்கவையாகிவிடும். ஃபைண்ட் கட்டளையில் வகை டி என்பவற்றுக்கு 755, வகை எஃப் என்பவற்றுக்கு 644 என்று தனித்தனியாக ஓட்டுங்கள். சிஎச்மாட் கட்டளையில் பெரிய எக்ஸ் கொடுத்தால், கோப்புறைகளுக்கும் ஏற்கெனவே இயக்கத்தக்க கோப்புகளுக்கும் மட்டுமே எக்ஸ் சேரும். கடவுச்சொல் உள்ள அமைவுக் கோப்புகளை 640 ஆக வைத்து, உரிமையாளர் ரூட், குழு சேவையின் குழு என்று அமையுங்கள். சேவைக்கு எழுதும் உரிமை தேவைப்படுவது பதிவேற்றம், கேச், லாக் ஆகிய சில கோப்புறைகளில்தான். நிரல் கோப்புகள் எதற்கும் அது தேவையில்லை.

பராமரிப்புக் கட்டளை ஒன்றை ஒரே ஒருமுறை ரூட்டாக ஓட்டியதால் வரும் கோளாறும் அடிக்கடி நிகழ்வது. அன்றைய லாக் கோப்பை ரூட் உருவாக்கிவிடும். அதன் பின் சேவை அதே கோப்பில் எழுத முயன்று 13 பெற்று விழும். கோப்புறை சரி, நேற்றைய லாக் சரி, இன்றைய லாக் மட்டும் ரூட்டின் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் உரிமையாளரை மாற்றிவிட்டு, இனி அந்தக் கட்டளையை சூடோவோடு யூ சேர்த்துச் சேவையின் பயனராகவே ஓட்டுங்கள்.

விண்டோஸ் சர்வரில் கேள்விகள் இவையே, கருவிகள்தான் வேறு. சேவை எந்தக் கணக்கில் ஓடுகிறது என்பதை சர்வீசஸ் சாளரத்தில் பாருங்கள். பிழை எண் 5 என்பது அங்கே அணுகல் மறுப்பு. விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ் 500.19 காட்டினால், வெப் கான்ஃபிக் கோப்பைப் படிக்க அதற்கு அனுமதி இல்லாதது காரணமாக இருக்கலாம். தாய்க் கோப்புறையிலிருந்து இறங்கும் அனுமதியை யாரேனும் துண்டித்திருப்பதே அங்கே வழக்கமான குற்றவாளி. ஐகேக்கிள்ஸ் கட்டளையின் சேவ் தேர்வால் இப்போதைய நிலையைச் சேமித்துவிட்டுத்தான் அங்கும் தொடங்க வேண்டும்.

சரியாகிவிட்டது என்று தோன்றியதும் சேவையை மறுதொடக்கம் செய்து பாருங்கள். முடிந்தால் சர்வரையே ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். ரன் என்ற கோப்புறை நினைவகத்தில் இருப்பது, ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறப்பது. அதற்குள் சாக்கெட்டுக்காகவோ பிஐடி கோப்புக்காகவோ நீங்கள் கையால் உருவாக்கி உரிமையாளரை மாற்றி வைத்த கோப்புறை மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். அத்தகைய இடங்களில் சிஎச்ஓன் (உரிமையாளரை மாற்றும் கட்டளை) செய்வதை விட்டு, சேவையின் சிஸ்டம்டி கோப்பில் ரன்டைம் டைரக்டரி என்ற வரியைச் சேர்த்துவிட்டால், சேவை தொடங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்புறை அதன் யூசர் வரியில் உள்ள பயனரின் பெயரிலேயே உருவாகிவிடும்.